வராத நாளுக்கு விழுந்த பேர்

முருகன் துணை

ஹேனகந்த தோட்டம்,
கீழ்ப்பிரிவு,
இரத்தினபுரி.
11.01.2004

அன்பு மகள் விஜயகலாவுக்கு அம்மா வெள்ளையம்மா எழுதுவது.

உடம்புக்கு இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டே கடைசி வரைக்கும் படிப்பாய். ஆனால் இதை மேடம் வீட்டுக் குசினியில் நின்றபடி படிக்காதே. வேலையை முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து படி.

மார்ச் முடிவோடு ஒப்பந்தம் முடிகிறது என்றும், மேடம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறாள் என்றும் எழுதியிருந்தாய். உன் மகள் தர்மிளாவின் மருந்தாளர் பதிவு கைக்கு வந்துவிடும் என்றால் கையெழுத்துப் போடாமல் ஜோர்தானை விட்டு வந்துவிடுகிறேன், ஒரு வார்த்தை எழுதுங்கள் அம்மா என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்குப் பதினாறு நாள் பிடித்தது. இந்த லயத்தில் யார் வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்வது நான்தான், பதில் எழுதுவதும் நான்தான். அடுத்தவர் வீட்டுச் சாவையும் கல்யாணத்தையும் நிற்காமல் எழுதிய கைக்கு இதை எழுத வரவில்லை.

தர்மிளாவின் பயிற்சிப் புத்தகத்தைக் கொழும்புக் கந்தோரில் ஏற்றுக்கொண்டார்கள் என்று நவம்பர் மாதம் எழுதினேன். பரீட்சை தள்ளிப் போயிருக்கிறது, அதிகாரிமார் லீவு என்று டிசம்பரில் எழுதினேன். இரண்டும் பொய். புத்தகத்தை ஏற்கவில்லை. பரீட்சைக்கு அவள் பெயர் போகவும் இல்லை. தெரிந்துதான் அப்படி எழுதினேன். அவள் மீது ஒரு குற்றமும் கிடையாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி.

மருந்தாளராகப் பதிய வேண்டுமென்றால் ஏற்கெனவே பதிந்த ஒருவரிடம் இரண்டு வருஷம் வேலை பழகி, பிறகு பரீட்சை எழுத வேண்டும் என்பது உனக்குத் தெரியும். டவுனில் ஜுனைதீன் ஐயா தன் பார்மசியில் அவளைச் சேர்த்துக்கொண்டார். போகும் நாளுக்கெல்லாம் தடித்த புத்தகம் ஒன்றில் கட்டம் கட்டமாக அவர் கையெழுத்து விழ வேண்டும். அந்தப் புத்தகம்தான் சாட்சி. அவளால் ஒவ்வொரு நாளும் போக முடியவில்லை. அது உனக்குத் தெரியாது. நான்தான் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

நாம் குடியிருக்கும் இந்த லயத்துக் காம்பராவை வைத்திருக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒரு ஆளாவது தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். என் முழங்கால் ரப்பர் மலையில் ஏற மறுத்தபிறகு அந்த ஆள் தர்மிளாதான். கிழமையில் மூன்று நாள் விடியவே பால் வெட்டப் போவாள். பதினொரு மணிக்கு ஸ்டோரில் பாலை ஊற்றிவிட்டு, கையில் ஒட்டின பாலை உரித்து உரித்து எறிந்தபடி வருவாள். குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டரை பஸ்ஸில் டவுனுக்குப் போய், கடை மூடும்வரை பார்மசி. சனிக்கிழமை காலையில் லயத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு. ஜனவரியில் பள்ளிக்கூட யூனிபோம் தைப்பாள். ஆகஸ்டில் பிள்ளைக் காம்பரா ஆயாவுக்கு ஆபரேஷன் என்று பதினொரு நாள் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கக் கூப்பிட்டார்கள், அதற்கும் போனாள். எந்த வேலையும் நாளைக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. வரும் வேலையை வேண்டாம் என்றால் அடுத்த தடவை கூப்பிடவும் மாட்டார்கள். அப்படி ஓடும்போது பார்மசிக்குப் போக முடியாத நாள் விழுந்துவிடும். மே மாதம் டவுனை வெள்ளம் மூடினதில் பன்னிரண்டு நாள், பிள்ளைக் காம்பராவில் பதினொன்று, என் காலுக்கு ஆஸ்பத்திரி என்று எட்டு. இரண்டாம் வருஷத்தில் முப்பத்தொரு கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

இதையெல்லாம் எழுதினால் நீ அங்கே சாப்பிடாமல் கிடப்பாய் என்று எழுதவில்லை. அதோடு எனக்கும் ஒரு கர்வம். என் பேத்தி தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டவுனுக்குப் போகிறாள் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தங்கம்மா ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் கேட்க, “என்னா வெள்ளையம்மாக்கா, ரெண்டு வருசமா மாத்திர எண்ணுதே ஒங்க பேத்தி, இன்னும் எண்ணி முடியலயா?” என்றாள். நானா சும்மா இருப்பேன். “ஐப்பசி முடியறதுக்குள்ள அவ கவுன்மெந்துல பதிஞ்ச ஆளு. அப்ப ஒன் சுகர் மாத்திரைய அவ கையாலதான் வாங்கணும், வரிசையில நில்லு” என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிவிட்டு வந்த பிறகுதான் அந்த வெறும் கட்டங்கள் என்னை உறுத்த ஆரம்பித்தன.

செப்டம்பர் முப்பதோடு அவளுடைய இரண்டு வருஷம் முடிந்தது. மறுநாளே கித்துல்கலவில், வெள்ளைக்காரர் ஆற்றில் ரப்பர் படகு விடும் இடத்தில், பத்து நாளைக்குச் சாப்பாட்டுக் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். புறப்படும் அவசரத்தில் புத்தகத்தையும் இங்கிலீஷில் எழுதின ஒரு தாளையும் பெரிய உறையில் போட்டு, கொழும்பு விலாசம் எழுதி என்னிடம் தந்தாள். “அம்மாயி, பிசின் தடவி ஒட்டிட்டு பதிவுத் தபால்ல போட்ருங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்” என்றாள். வேறொன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னாள், விஜயகலா. காதால் கேட்டேன்.

ஒட்டுவதற்கு முன் ஒருதரம் பார்ப்போம் என்று புத்தகத்தை எடுத்தேன். முப்பத்தொரு கட்டமும் பல் விழுந்த வாய் மாதிரி தெரிந்தது. அப்போது எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? உனக்கு ஏழு வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தேன். வேலைக்குத் திரும்பி வந்தால், செக்ரோல் ஏட்டில் ஒன்பது நாளுக்கும் எனக்குச் சம்பளத்துக்குப் பேர் விழுந்திருக்கிறது. காலையில் ஆளெண்ணும் பெரட்டுக் களத்தில் என் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் யாரோ ஒருத்தி குரல் கொடுத்திருக்கிறாள். கூட வெட்டும் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் பாலை என் வாளியில் ஊற்றி நிறுத்திருக்கிறார்கள். கணக்கப்பிள்ளை கண்டும் காணாமல் எழுதியிருக்கிறார். அப்படி நானும் எத்தனை பேருடைய வாளிக்கு ஊற்றியிருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்கு, தாலி அறுத்தவளுக்கு, மூன்றாம் நாள் காரியத்துக்குப் போனவளுக்கு. நம் ஆட்களில் அதைக் களவென்று ஒருவரும் சொன்னதில்லை. ஊற்றாதவளைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்போம். அதே மாதிரிதானே இதுவும் என்று எனக்குப் பட்டது. தன் சோம்பலுக்காகவா அவள் போகாமல் இருந்தாள்?

உறையை எடுத்துக்கொண்டு, ஒரு பலாப்பழத்தையும் சுமந்துகொண்டு ஜுனைதீன் ஐயாவிடம் போனேன். புத்தகத்தை விரித்து வைத்து, இந்த நாட்களுக்கும் போட்டுவிடுங்கள் ஐயா என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆச்சி, இது தோட்டத்து செக்ரோல் இல்ல. வராத நாளு வராததுதான்” என்றார். நான் விடவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு உங்கள் கடையில் முழங்கால் அளவு சேற்றில் நின்று போத்தல் போத்தலாகக் கழுவினவள் யார், அன்றைக்கு மருந்து விற்கவில்லை என்பதற்காக அது பழக்கம் இல்லாமல் போய்விடுமா என்று கேட்டேன். அந்த மனிதர் பேனாவை உருட்டிவிட்டு வரிசையாகப் போட்டுக்கொண்டு போனார். முப்பத்தொன்றும் நிரம்பியது. நேரே தபால் கந்தோருக்குப் போய், உறையை ஒட்டி, பதிவுத் தபாலில் போட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்த இங்கிலீஷ் தாளில் என்ன இருந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்புத் தமிழை வைத்துக்கொண்டு இந்த லயத்துக்கே வாசிக்கிறவள், போய் இன்னொருவரிடம், இது என்னவென்று சொல்லுங்கள் என்று நிற்பதா என்று இருந்துவிட்டேன்.

நவம்பரில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. தர்மிளா அதை நின்றுகொண்டு படித்தாள், பிறகு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து படித்தாள். அவள் அந்தத் தாளில் எழுதியிருந்தது இதுதான்: இன்ன இன்ன திகதி முப்பத்தொரு நாள் நான் போகவில்லை, காரணம் இது, தயவுசெய்து மூன்று மாதம் கூட்டித் தாருங்கள், அந்த நாட்களைப் போய் நிரப்புகிறேன். அப்படிக் கேட்டால் கொடுப்பார்களாம். ஜுனைதீன் ஐயாவிடமும் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாளாம். போகவில்லை என்று அவள் தாள் சொல்கிறது, வந்தாள் என்று அவர் கையெழுத்து சொல்கிறது, இரண்டையும் ஒரே உறையில் போட்டு, முத்திரை ஒட்டி அனுப்பினவள் நான்.

அவள் டவுனுக்கு ஓடிப்போய் ஐயாவைக் கேட்டாள். உங்கள் ஆச்சிதான் கொண்டுவந்தார் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, “நீங்களா அம்மாயி?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சத்தம் போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவள் போய்ச் சோற்றுப் பானையை இறக்கினாள், எனக்குப் போட்டு வைத்தாள், அன்றையிலிருந்து இன்றுவரை வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர ஒன்றுமில்லை. “தண்ணி எடுத்தாச்சு.” “காலுக்கு எண்ணெ அங்கன இருக்கு.” அவ்வளவுதான். பார்மசிக்கும் வர வேண்டாம், விசாரணை முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளைச் சட்டை மடித்தபடி கிடக்கிறது. தங்கம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. தெரிந்தால் தெரியட்டும் என்று சொல்ல ஆசை, ஆனால் இன்னும் குழாயடிக்கு அவள் வராத நேரம் பார்த்துத்தான் போகிறேன்.

இந்த மாதம் 28ஆம் திகதி புதன்கிழமை கொழும்பில் விசாரணை. அவளுக்கும் ஜுனைதீன் ஐயாவுக்கும் கடிதம் வந்திருக்கிறது. எனக்கு வரவில்லை. நானும் போகிறேன். பொய்யாக எழுதினதாக முடிவானால் அவள் பெயரை இனி எந்தக் காலத்திலும் பதிய மாட்டார்களாம். அது அவள் என்னிடம் சொன்னதல்ல, ஐயா சொன்னது.

ஆகவே 28 முடியும்வரை மேடத்துக்கு எந்தப் பதிலும் சொல்லாதே. என் பொய்யை நம்பி நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பாவமும் சேர்ந்துகொள்ளும். என்னைத் திட்டி எழுத வேண்டுமென்றால் எழுது. அவளுக்கு மட்டும் தனியாக நாலு வரி எழுது, அதை நான் பிரிக்க மாட்டேன்.

பொங்கலுக்கு உன்னை நினைத்துக்கொண்டு பானை வைப்போம். முருகன் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
வெ. வெள்ளையம்மா


முருகன் துணை

ஹேனகந்த தோட்டம்,
கீழ்ப்பிரிவு,
இரத்தினபுரி.
08.02.2004

அன்பு மகள் விஜயகலாவுக்கு அம்மா எழுதுவது.

அவள் பெயரை வெட்டவில்லை. நீ தேடும் வரி அதுதான், எடுத்துக்கொள். மற்றதை மெல்லச் சொல்கிறேன்.

விடியக்காலை நாலரை பஸ்ஸுக்கு லயத்திலிருந்து இறங்கினோம். நீ அனுப்பின ஊதாச் சேலையைக் கட்டினேன், பிறகு மன்னிப்புக் கேட்கப் போகிறவளுக்கு இது எதற்கு என்று அவிழ்த்துவிட்டுப் பருத்திச் சேலையே கட்டினேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். அவிசாவளை தாண்டினதும் அவள் தூங்கித் தலை என் தோளில் சாய்ந்தது. விழித்ததும் நேராக உட்கார்ந்துகொண்டாள். ஜுனைதீன் ஐயா கந்தோர் வாசலில் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக முன்னாலேயே வந்து நின்றிருந்தார். அவளைப் பார்த்தார், சலாம் சொல்லவில்லை. எனக்கு அது அப்போதே குத்தியது, காரணமும் தெரிந்திருந்தது.

உள்ளே அதிகாரிகளாக ஒரு நோனா அம்மாவும் இரண்டு ஐயாமாரும். எல்லாம் சிங்களத்தில்தான். என்னை யார் என்று கேட்டார்கள். பெயர் இல்லாதவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். “மாத்தயா, அந்தப் பொஸ்தகத்த இந்தக் கைதான் கொண்டு போச்சு. கைய வெளிய வச்சிட்டு யார விசாரிக்கப் போறீங்க?” என்று சிங்களத்திலேயே கேட்டேன். நோனா ஒரு கதிரையைக் காட்டினார்.

தர்மிளாவின் தாளையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அந்த ஐயாமாரில் ஒருவருக்குச் சொந்த ஊரே இரத்தினபுரியாம். மே பதினேழு கட்டத்தில் விரலை வைத்து, ஜுனைதீன் ஐயாவைப் பார்த்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், அன்றைக்கு உங்கள் தெருவில் தண்ணீர் கடைப் பலகைக்கு மேலே போனது, இந்தப் பிள்ளை உள்ளே மீனுக்கா மருந்து கொடுத்தது என்று கேட்டார். முப்பது வருஷமாக அந்த டவுனில் மருந்து கொடுக்கும் மனிதர், விஜயகலா. டாக்டர்மாரே எழுந்து நின்று பேசுவார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “கையெழுத்து என்னுடையது. பிழையும் என்னுடையது” என்றார்.

இனித்தான் உனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். போன கடிதத்தில் அதை எழுதாமல் விட்டேன். உன்னிடமும் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அன்றைக்குக் கடையில் சேறு கழுவின கதையைச் சொன்னதும் அவர் போட்டுவிட்டார் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அதற்கு அவர் மசியவில்லை. “புள்ளட பொஸ்தகம் ஆச்சி. புள்ள வந்து கேக்கட்டும், அப்ப பாப்பம்” என்று மூடிவிட்டார். அப்போது நான் சொன்னேன், புள்ளதான் ஐயா என்னை அனுப்பினாள், உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க வெட்கப்படுகிறாள் என்று. அவர் என்னை நம்பினார். அவளுக்காகப் போட்டார். போடும்போது ஒரு பெருமூச்சு விட்டார், அது எனக்குக் கேட்டது. அந்த நாளிலிருந்து, நாள் கூட்டிக் கேட்கிறேன் என்று சொன்ன இந்தப் பிள்ளையும் கடைசியில் இப்படித்தானா என்று அவர் மனதில் வைத்திருக்கிறார். அவளைக் காட்டிக் கொடுக்கவும் மனம் வராமல், அவளிடம் நேரே கேட்கவும் மனம் வராமல் இருந்திருக்கிறார். அவளோ ஐயா ஏன் தன்னிடம் முகம் கொடுப்பதில்லை என்று தெரியாமல் இருந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

நோனா கேட்டார், புத்தகத்தைக் கொண்டுபோகச் சொன்னது பேத்திதானா என்று. ஜுனைதீன் ஐயா தரையைப் பார்த்தார். அவருக்கு அதற்கு ஒரே பதில்தான் தெரியும், அதைச் சொன்னால் அவள் பெயர் அன்றோடு போய்விடும் என்பதும் தெரியும். நான் எழுந்து நின்றேன். இல்லை, அவளுக்குத் தெரியாது, அவள் அனுப்பினாள் என்று இந்த மனிதரிடம் நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். தொழிற்சங்கக் கூட்டத்தில் நூறு பேருக்கு முன்னால் நின்று பேசினவள்தான் நான். இதைச் சொல்லும்போது சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை, இரண்டும் கலந்து என்னவோ வந்தது. தர்மிளா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

ஏன் அப்படிச் செய்தீர்கள் அம்மா என்று நோனா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நம் பழக்கத்தைச் சொன்னேன், ஆளுக்கொரு கரண்டிப் பாலை ஊற்றிப் பேர் விழவைப்பதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: நீங்கள் ஊற்றினது உங்கள் பாலை, யாரோ உண்மையாக வெட்டின பாலை. இது அப்படியில்லை. நாளைக்கு ஒரு குழந்தைக்கு எத்தனை துளி என்று அளக்கப் போகிற கை, அந்தக் கை பழகின நாளை நீங்கள் இல்லாத இடத்திலிருந்து எடுத்து ஊற்றியிருக்கிறீர்கள். வேறு காரணம் ஏதும் உண்டா என்றும் கேட்டார். மூன்று மாதம் தள்ளிப் போனால் பரீட்சை அடுத்த தவணைக்கு, மார்ச்சையும் தாண்டிப் போய்விடும் என்று சொன்னேன். போனால் என்ன என்றார். அதற்கு நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே சொல்லாததை இங்கேயும் எழுதவில்லை.

தர்மிளாவைக் காப்பாற்றினது அவளுடைய அந்த இங்கிலீஷ் தாள்தான். பொய் சொல்ல நினைத்தவள் அதை எழுதியிருக்க மாட்டாள் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டாம் வருஷத்தில் எந்தக் கையெழுத்தை நம்புவது என்று தெரியாததால் அந்த வருஷம் முழுவதையும் தள்ளிவிட்டார்கள். முப்பத்தொரு நாளுக்காக, அவள் உண்மையில் நின்ற இருநூற்றுச் சொச்ச நாளும் போனது. மறுபடி ஒரு வருஷம், புதுப் புத்தகம், வேறொரு மருந்தாளரிடம். ஜுனைதீன் ஐயாவை எச்சரித்து, இனி கொஞ்சக் காலத்துக்கு யாரையும் பழக வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அவர் காலில் விழப் போனேன். “வாணாம் ஆச்சி, அதெல்லாம் எங்கட பழக்கமில்ல” என்று பின்னால் போய்விட்டார். பிறகு அவளிடம் போய், “மகள், நான் ஒங்கள ஒரு தரம் கேட்டிருக்கோணும்” என்றார். அவள் அழுதாள். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அழுது பார்த்தேன். எம்பிலிப்பிட்டியவில் அவருடைய மச்சான் பளீல் என்பவர் பதிவுள்ள மருந்தாளர், அவரிடம் பேசி இடம் எடுத்துக் கொடுத்ததும் ஜுனைதீன் ஐயாதான். நான் செய்ததற்குப் பிறகும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் எம்பிலிப்பிட்டியவுக்குப் போய்விட்டாள். இங்கிருந்து தினமும் போய் வர முடியாது. பளீல் வீட்டுக்குப் பக்கத்தில் சித்தி மரியம் என்று ஒரு அம்மா, தையல் மெஷின் வைத்திருக்கிறார், அவர் வீட்டில் தங்கல். காலையில் அவருக்கு உடுப்புத் தைத்துக் கொடுப்பது, பத்து மணியிலிருந்து கடை. இனிமேல் பல இடத்துக்கு ஓட மாட்டேன், போகாத நாள் என்று ஒன்று விழக்கூடாது என்று அந்த அம்மாவிடம் சொன்னாளாம். பஸ்ஸில் ஏறும்போது என்னைப் பார்த்து, “போனதும் காயிதம் போடுறேன் அம்மாயி. தமிழ்லயே எழுதுறேன்” என்றாள். குத்தலாகச் சொன்னாளா, அன்பாகச் சொன்னாளா என்று எட்டு நாளாக யோசிக்கிறேன். கடிதம் இன்னும் வரவில்லை. தபால் அங்கிருந்து வர நாளாகும்.

தங்கம்மாவுக்கு நானே சொல்லிவிட்டேன், குழாயடியில், எல்லாரும் இருக்கும்போது. கேட்டுக்கொண்டிருந்தாள். “சரி விடுக்கா, நாங்களா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்போம்” என்றாள். அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காம்பராவுக்காக நான் கைக்காசுக்கு, வெட்டின நாளுக்கு மட்டும் கூலி வாங்கும் வேலைக்கு, பெயர் கொடுத்திருக்கிறேன். மேட்டுமலை வேண்டாம், ஆற்றோரத்து மரம் போதும் என்று கங்காணி சொன்னார். கிழமையில் மூன்று நாள்தான். கால் பரவாயில்லை. ஒரு ஆளுக்குச் சமைப்பது சுலபம், காலையில் வைத்தது இரவுக்கும் இருக்கிறது.

மேடம் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது என்று நீ மறுபடியும் என்னைக் கேட்பாய். தர்மிளாவுக்கு இன்னும் ஒரு வருஷம், பிறகு பரீட்சை. அது உனக்குத் தெரிய வேண்டும், சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போடு என்றும் சொல்ல மாட்டேன், போடாதே என்றும் சொல்ல மாட்டேன். ஒருத்தியின் கையெழுத்துக் காரியத்தில் நான் புகுந்தது போதும். நீ எதை முடிவு செய்தாலும் அது சரி. அம்மா வருத்தப்படுவாள் என்று எதையும் செய்யாதே.

மழைக்கு முன்னால் கூரைத் தகரத்தை ஒட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். நீ படுக்கும் மூலையை முதலில் ஒட்டச் சொன்னேன். வேறு எதற்கும் இல்லை, அங்கேதான் அதிகம் ஒழுகுகிறது.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
வெ. வெள்ளையம்மா